மூன்று சுவிட்ச் போட்டால் ஸ்பீட் குறையுமா? கல்லடியில் கட்டுகிற மாடி வீட்டுக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் பக்கத்திலிருந்து ஒருதரம் சொல்லிப் பார்க்கிறேன், பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். மட்டக்களப்பு கல்லடியில் மாடி வீடு கட்டுகிறீர்கள். பிளேட் (மாடியின் கொங்கிறீட் தளம்) போட்டுச் சுவர் எழுப்பியாயிற்று, பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. ஃபைபர் லைன் முன் விறாந்தைக்கு வருகிறது. வளவின் பின்பக்கம், 45 மீற்றர் தள்ளி, அக்கா டியூஷன் வகுப்பு நடத்துகிற தனிக் கட்டடம் இருக்கிறது. ஆறு கேமரா, இரண்டு டீவி, இரண்டு மேசைக் கணினி, மேலும் கீழும் வைஃபை. ரூட்டரிலிருந்து ஹோலுக்கு ஒரு ஐந்து போர்ட் சுவிட்ச் (ஒரு நெட்வேர்க் கேபிளிலிருந்து பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி), அதிலிருந்து மாடிக்கு ஒன்று, மாடியிலிருந்து டியூஷன் கட்டடத்துக்கு ஒன்று என்று தொடுக்கப் பார்க்கிறீர்கள். சாமான் வாங்கப் போன இடத்தில், ஒவ்வொரு சுவிட்ச் தாண்டும்போதும் ஸ்பீட் பாதியாகும், கெட்-7 (நெட்வேர்க் கேபிளின் ஒரு உயர் தரம்) கேபிள் போட்டால்தான் தப்பலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா என்று கேட்கிறீர்கள். எனக்கு உங்கள் கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வி தெரிகிறது: சுவர் பூசினபிறகு உடைக்க முடியாது, அதற்கு முன் எந்த இடத்தில் எதைப் புதைக்க வேண்டும்? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன், இரண்டாவதில்தான் அதிக நேரம் நிற்பேன்.

நான் இதைப் படித்துவிட்டு மட்டக்களப்பிலும் அம்பாறை மாவட்டக் கரையோர ஊர்களிலும் பல வருடமாகக் கேபிள் இழுக்கிறவன். உறுதியானதை உறுதி என்றும், என் கைப்பழக்கத்தில் வந்ததைப் பழக்கம் என்றும் பிரித்தே சொல்கிறேன். உங்கள் வீட்டின் வரைபடத்தை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சுவிட்ச் ஸ்பீடைப் பாதியாக்காது. இது உறுதி, இதில் விவாதமே இல்லை. கிகாபிட் சுவிட்ச் ஒன்றில் ஒவ்வொரு போர்ட்டும் தனித்தனியாக, போகவும் வரவும் ஒரே நேரத்தில் 1000 மெகாபிட் கொண்டுபோகும். தரவு பொதி பொதியாகத்தான் போகிறது. முழு அளவுப் பொதி ஒன்றை வாங்கி அடுத்த பக்கம் அனுப்ப ஒரு சுவிட்ச் எடுக்கும் தாமதம் ஏறக்குறைய 12 மைக்ரோவிநாடி. மூன்று சுவிட்ச் தாண்டினாலும் ஒரு மில்லிவிநாடியில் இருபதில் ஒரு பங்குகூட வராது. நீங்கள் பார்க்கிற வீடியோ கடல் தாண்டி வருகிறது, அதன் பயணமே பல பத்து மில்லிவிநாடி. இதற்குள் அந்தத் தாமதத்தை மனிதன் உணர வழியில்லை.

பிறகு அந்தப் பாதிக் கணக்கு எங்கிருந்து வந்தது? இரண்டு இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். முன்பு ஹப் என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் எல்லாரும் ஒரே கம்பியில் முறைவைத்துப் பேச வேண்டும், ஆள் கூடினால் எல்லாருக்கும் குறையும். இத்தனை ஹப்புக்கு மேல் தொடுக்கக்கூடாது என்ற விதியும் அந்தக் காலத்து 10 மெகாபிட் வலையமைப்புக்கு உரியது. மற்றது வைஃபை ரிப்பீட்டர். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர் உண்மையிலேயே வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கும். அந்தக் குற்றத்தைக் கொண்டுவந்து பாவம் சுவிட்சின் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஆனால் உங்கள் சங்கிலித் திட்டத்தில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பழைய கல்லடிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 2013ல் புதுப்பாலம் திறக்கும்வரை, ஒரு கரையில் வாகனங்கள் நின்றால்தான் மறு கரை வாகனங்கள் போகலாம். இரண்டு கரையிலும் எத்தனை சந்தி இருந்தது என்பது பிரச்சினையே இல்லை, நெரிசல் பாலத்தில்தான். இரண்டு சுவிட்ச்களை இணைக்கிற அந்த ஒற்றைக் கேபிளும் அப்படித்தான். சுவிட்சை எண்ணுவதை விட்டுவிட்டு, அந்த இணைப்புக் கேபிளில் என்னென்ன சேர்ந்து போகிறது என்று எண்ணுங்கள்.

எண்ணிப் பார்ப்போம். 4 மெகாபிக்சல் கேமரா ஒன்று, பதிவு முறையைப் பொறுத்து, 3 முதல் 8 மெகாபிட் வரை எடுக்கும். ஆறு கேமராவும் சேர்ந்து உச்சமாக 50 மெகாபிட் என்று வையுங்கள். 4கே படம் ஓடுகிற டீவி 25 மெகாபிட், இரண்டு டீவிக்கு 50. அக்காவின் இணைய வகுப்பு 5 மெகாபிட்டுக்குள் அடங்கும். எல்லாவற்றையும் கூட்டினாலும் கிகாபிட் இணைப்பில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் நிற்கிறோம். இணையத்திலிருந்து வருவது எப்படியும் நீங்கள் எடுத்த பெக்கேஜுக்கு மேல் போகாது. வீட்டுக்குள் அந்தக் கம்பியை நிரப்பக்கூடிய ஒரே வேலை, ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கோ நெட்வேர்க் டிஸ்குக்கோ பெரிய கோப்புகளைப் பிரதி எடுப்பது. அப்போது விநாடிக்கு 110 மெகாபைட் அளவில் ஓடும், அந்த நேரம் மற்றவர்களுக்குக் கொஞ்சம் இடிக்கும். அண்ணன் தம்பி யாராவது கலியாண வீடியோ எடிட் செய்கிறவர்களாக இருந்தாலொழிய இது உங்களுக்குக் கவலை இல்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: சுவிட்ச் வாங்கும்போது பெட்டியில் 10/100/1000 என்று இருக்க வேண்டும். 10/100 மட்டும் போட்ட மலிவுச் சுவிட்ச் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. அது சங்கிலியின் நடுவில் இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே 100க்கு இறங்கிவிடும். சில 4ஜி ரூட்டர்களின் போர்ட்டும் 100தான். பிறகு குற்றம் கேபிள் மேல் விழும்.

சங்கிலியின் உண்மையான ஆபத்து கரண்ட். மாடிச் சுவிட்சின் அடப்டரை யாரோ போன் சார்ஜ் போடக் கழற்றினால் டியூஷன் கட்டடமும் சேர்ந்து விழும். அக்கா கீழே வகுப்பின் நடுவில் நிற்பார், காரணம் மாடி அறையில் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும். அதனால் நான் சொல்வது: வீட்டுக்குள் உள்ள எல்லாப் புள்ளிகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே ஒரு பெரிய சுவிட்ச். டியூஷன் கட்டடத்தில் ஒரு சிறிய சுவிட்ச், அதுவும் இந்த மைய இடத்துக்கு நேராக வர வேண்டும், மாடி வழியாக அல்ல. மூன்று சுவிட்ச் இரண்டாகிவிட்டது பாருங்கள். டீவிக்குக் கீழே டீவி, டிகோடர், கேம் பெட்டி என்று மூன்று சாமான் சேர்ந்தால் அந்த இடத்தில் ஒரு ஐந்து போர்ட் குட்டிச் சுவிட்ச் போடுவதில் ஒரு பிழையும் இல்லை. அது நுனியில் இருக்கிறது, விழுந்தால் டீவி மட்டும்தான் விழும்.

மைய இடம் எது? இதில் ஊரைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கொழும்பில் கட்டுகிறவர்கள் படிக்கட்டுக்குக் கீழே நிலத்தோடு ஒரு பெட்டி வைப்பார்கள். கல்லடி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. 2011 ஜனவரி வெள்ளம் மட்டக்களப்பையும் அம்பாறையையும் என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு மேல் சுவரில் பூட்டுங்கள், கீழ்மாடிச் சுவர் சொக்கட்டுகளையும் வழமையைவிடக் கொஞ்சம் உயர்த்துங்கள். கூரைக்கு நேர் கீழே உள்ள ஸ்டோர் அறையும் வேண்டாம், மத்தியானம் அங்கே இருக்கிற சூட்டில் சுவிட்சும் பற்றரியும் சீக்கிரம் தளர்ந்துவிடும். பல வீடுகளில் எனக்குப் பிடித்த இடம் மாடிப்படி பாதியில் திரும்புகிற தட்டுக்குப் பக்கத்துச் சுவர். கீழுக்கும் மேலுக்கும் நடு, வெள்ளமும் எட்டாது. அந்த இடத்தில் இரண்டு 13 அம்பியர் சொக்கட், மூடாத காற்றோட்டம், ஒரு சுவர்ப் பெட்டி. விறாந்தையிலிருந்து அங்கே இரண்டு கேபிள் வர வேண்டும், ஒன்று ஃபைபர் பெட்டிக்கு, ஒன்று மேலதிகம். கூடுமானால் ஃபைபர் கொண்டுவருகிறவரிடம் கேட்டு லைனையே நேராக அந்தப் பெட்டிக்குள் இறக்குங்கள், பூச்சுக்கு முன் பைப் இருந்தால் மறுக்கமாட்டார்கள்.

இப்போது சுவருக்குள் போவது. காசைக் குறைக்க வேண்டுமானால் சுவிட்சில் குறையுங்கள், பைப்பிலும் கேபிளிலும் வேண்டாம். சுவிட்சை அடுத்த வருடம் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். கெட்-6 கேபிளின் தடிப்பு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். 25 மில்லிமீற்றர் பைப்பில் நான்கு கேபிள் சுகமாகப் போகும், 20 பைப்பில் இரண்டு. இறுக்கி நிரப்பினால் போவது போகும், பிறகு ஒன்று பழுதானால் இழுத்து எடுக்க முடியாது. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையில் இரண்டு வளைவுக்கு மேல் வைக்காதீர்கள். எல்போ வேண்டாம், பைப்பை ஸ்பிரிங் போட்டு வளைக்கச் சொல்லுங்கள். எல்லாப் பைப்பிலும் ஒரு நைலோன் கயிறு விட்டு வையுங்கள், இன்று வெறுமையாக விடுகிற பைப்பிலும். கேபிளை இழுக்கும்போது 11 கிலோ பாரத்துக்கு மேல் இழுக்கக்கூடாது என்பது அளவு. இரண்டு பேர் சேர்ந்து காலை உதைத்து இழுக்கிற நிலைமை வந்தால் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பிளேட் ஏற்கெனவே போட்டுவிட்டதால் மாடிக்கு ஏறும் வழிதான் உங்கள் தலையிடி. படிக்கட்டுத் திறப்பு வழியாகச் சுவரோடு ஏற்றுவது நல்லது. பிளேட்டைத் துளைப்பதென்றால் எந்த இடத்தில் கம்பி, எந்த இடத்தில் பீம் என்று தெரிந்தவர் சொல்லட்டும், என் பேச்சைக் கேட்டு எந்த இடத்திலும் துளைக்காதீர்கள்.

கரண்ட் வயரும் நெட்வேர்க் கேபிளும் ஒரே பைப்பில் போகக்கூடாது. இது உறுதி, காரணமும் ஸ்பீட் அல்ல, உயிர். 230 வோல்ட் வயரின் உறை எங்காவது உரசிக் கிழிந்தால் அது நீங்கள் கையில் பிடிக்கிற லெப்டொப் வரை வரலாம். பக்கம் பக்கமாக வேறு வேறு பைப்பில் போனால் எவ்வளவு இடைவெளி என்பதில் அவ்வளவு உறுதியாக அடித்துச் சொல்ல மாட்டேன். வீட்டில் உள்ள சிறு தூரங்களில் அருகே போனதால் மட்டும் பழுதான லைன் அரிது. ஆனாலும் நான் ஒரு சாண் விட்டுத்தான் ஓட்டுவேன், குறுக்கே கடக்க வேண்டுமானால் நேர்குத்தாகக் கடப்பேன். வயரிங் செய்கிறவர் நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரே குழியில் எல்லாவற்றையும் போடப் பார்ப்பார். பூச்சுக்கு முன் போனில் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு. பிறகு அலுமாரி அடிக்க ஆணி இறக்கும்போது உதவும்.

கெட்-7 வேண்டாம். 1 கிகாபிட் 100 மீற்றர் போக கெட்-5ஈ போதும், 2.5 கிகாபிட்டும் அதிலேயே போகும்படிதான் 2016ல் அந்தத் தரத்தை எழுதினார்கள். கெட்-6 போட்டால் 55 மீற்றர் வரை 10 கிகாபிட்டுக்கும் இடம் இருக்கிறது, வீட்டுக்குள் எந்த ஓட்டமும் அதைத் தாண்டாது. கெட்-7க்கு அதன் தரப்படி வேறு வகைத் தலைப்பு வேண்டும், நெட்வேர்க் கேபிளுக்கு வழமையாகப் போடுகிற ஆர்ஜே45 தலையைக் குத்திய உடனேயே நீங்கள் கொடுத்த மேலதிகக் காசுக்கு அர்த்தம் போய்விடும். தவிர அதன் உலோக உறையை ஒழுங்காக எர்த் செய்ய வேண்டும். அரைகுறையாக விட்டால் உறை இருந்தும் பயன் இல்லை. அதனால் கெட்-6, உறை இல்லாத சாதாரண வகை, முழுச் செம்பு.

அந்த முழுச் செம்பில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஏமாறுகிற இடம் இதுதான். அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசிய கேபிள் அதே நிறத்தில், அதே 305 மீற்றர் பெட்டியில், கெட்-6 என்ற அச்சோடு வருகிறது. எந்தத் தரத்திலும் அது சேராது. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். கேபிள் வழியாகவே கரண்ட் போகிற கேமராவுக்கு அது பகலில் வேலை செய்யும், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்து கரண்ட் கூடுதலாக இழுக்கும்போது விழுந்து எழும்பும். அப்புறம் கேமராவை மாற்றுவீர்கள், சுவிட்சை மாற்றுவீர்கள், பிரச்சினை போகாது. கம்பி முறியவும் செய்யும், சுவர் சொக்கட்டில் குத்தின இடத்தில் ஒரு வருடம் கழித்து விட்டுப்போகும். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் வேண்டாம். பெட்டியைத் தூக்கினாலே பாரத்தில் விளங்கும், அலுமினியம் செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட. கடையில் சுரண்ட விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வெளிக் கேமராக்களுக்குக் கறுப்பு உறை உள்ள வெளிப்புறக் கேபிள் போடுங்கள். உள்ளே போடுகிற சாம்பல் கேபிள் நமது வெயிலில் வெடித்துவிடும். கடற்காற்று இன்னொரு சங்கதி. கேமராவின் வாலில் உள்ள ஆர்ஜே45 இணைப்பை வெளியே தொங்க விட்டால் உப்புப் பிடித்துப் பச்சை பூக்கும். கேமராவுக்குப் பின்னால் ஒரு மூடிய பெட்டி வைத்து இணைப்பை அதற்குள் வையுங்கள், கேபிள் பெட்டிக்குள் கீழிருந்து ஏற வேண்டும், மழைநீர் வழிந்து உள்ளே போகாது.

கேமராவுக்கும் மேற்கூரை வைஃபைப் பெட்டிக்கும் தனித்தனி அடப்டர் வைக்காமல் பிஓஈ சுவிட்ச் (நெட்வேர்க் கேபிள் வழியாகவே கரண்டும் கொடுக்கிற வகை) வாங்கச் சொல்வேன். சாதாரண வகையில் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கொடுக்கும், பிளஸ் வகையில் 30 வாட். ஆனால் பார்க்க வேண்டியது மொத்தக் கொள்ளளவு. கேமரா ஒன்று இரவில் 7 வாட் என்று வைத்தால் ஆறுக்கு 42, வைஃபைப் பெட்டி இரண்டு 12 வீதம் 24, ஆக 66. எட்டுப் போர்ட் பிஓஈ சுவிட்ச் பல 60, 65 வாட்டோடு நின்றுவிடும். உங்களுக்கு 120 வாட்டுக்குக் குறையாத 16 போர்ட் ஒன்று பொருந்தும். விலை கூடத்தான். அந்தக் காசு கைக்கு எட்டாவிட்டால் கேமராவுக்கு மட்டும் எட்டுப் போர்ட் பிஓஈ, மற்றதுக்குச் சாதாரண எட்டுப் போர்ட், இரண்டையும் அதே பெட்டிக்குள் ஒரு சிறிய கேபிளால் இணையுங்கள். கேமரா பதிவுப் பெட்டியையும் அந்தப் பிஓஈ சுவிட்சிலேயே குத்தினால் கேமராவின் ஓட்டம் அதற்குள்ளேயே முடிந்துவிடும், இணைப்புக் கேபிளுக்கு வராது. எல்லாம் ஒரு இடத்தில் இருப்பதன் பெரிய லாபம் கரண்ட் போகும்போது தெரியும். ஃபைபர் பெட்டி, ரூட்டர், சுவிட்ச், பதிவுப் பெட்டி நான்கையும் ஒரே யூபிஎஸ்ஸில் வைத்தால் கேமராவும் வைஃபையும் வீடு முழுக்க உயிரோடு இருக்கும். 2022ல் 13 மணி நேரம் கரண்ட் போன நாட்களுக்கு எந்தச் சின்ன யூபிஎஸ்ஸும் தாங்காது, ஆனால் அரை மணி, ஒரு மணி வெட்டுக்கு இது போதும்.

டியூஷன் கட்டடத்துக்கு வருவோம், என் பார்வையில் உங்கள் கேள்வியில் பெறுமதியான பகுதி இது. 45 மீற்றர் என்பது செம்புக் கேபிளின் 100 மீற்றர் எல்லைக்குள் தாராளமாக அடங்கும். ஸ்பீட் பற்றிக் கேட்டால் கெட்-6 போதும் என்பதுதான் பதில். இருந்தும் நான் அங்கே செம்பு போடமாட்டேன். காரணம் இடி. ஏப்ரலிலும், மழை தொடங்குகிற ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடிமின்னல் நமக்குப் பழக்கம்தான். இரண்டு கட்டடத்துக்கும் வேறு வேறு எர்த். பக்கத்தில் எங்காவது இடி விழும்போது இரண்டு நிலத்துக்கும் இடையில் மின்னழுத்த வித்தியாசம் எழும், அதற்கு நடுவில் நீங்கள் செம்புக் கம்பி ஒன்றைக் கட்டி வைத்திருந்தால் அதன் வழியாகத்தான் ஓடும். இரண்டு நுனியிலும் உள்ள சுவிட்ச் போகும், சில வேளை அதில் குத்தியிருந்த எல்லாமும் போகும். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் ஓடாது. இது உறுதி.

வழி பெரிய சிக்கல் இல்லை. சிங்கிள் மோட் ஃபைபர், இரண்டு நுனியிலும் தலை பொருத்தியே விற்பனைக்கு வருகிறது, அளந்து ஐந்து மீற்றர் கூட்டி வாங்குங்கள். இரண்டு பக்கமும் மீடியா கன்வேர்ட்டர் (ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கிற சிறு பெட்டி) ஒவ்வொன்று, ஒற்றை இழை வகையென்றால் ஏ ஒன்று, பி ஒன்று, ஜோடியாக இருக்க வேண்டும். இரண்டும் ஏ என்று வாங்கிவந்தால் விளக்கு எரியாது. சுவிட்சில் எஸ்எஃப்பி துளை இருந்தால் கன்வேர்ட்டருக்குப் பதில் அதில் செருகுகிற மொடியூல் போதும். உலோகக் கம்பி இல்லாத ஃபைபராகக் கேளுங்கள். தொங்கவிடுகிற வகையில் பாரம் தாங்க ஒரு இரும்புக் கம்பி கூடவே வரும், அதுதான் கிடைத்தால் அந்தக் கம்பியைக் கட்டடத்துக்கு வெளியே கொக்கியோடு நிறுத்திவிடுங்கள், கருவிகள் வரை கொண்டுபோகாதீர்கள். புதைப்பதென்றால் பைப்புக்குள், இரண்டு அடி ஆழம், தென்னை வேருக்குத் தள்ளி. வேலி ஓரமாக மரத்தில் தொங்கவிட்டால் அணிலுக்கு நல்ல விளையாட்டு.

செம்பே போட்டுவிட்டு இடிதாங்கிப் பெட்டி ஒன்று வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். இதில் நான் சந்தேகத்தோடுதான் பேச முடியும். நல்ல எர்த் இருந்தால் அது பல சமயம் காப்பாற்றுகிறது. எர்த் சரியில்லாத இடத்தில் அது அலங்காரம்தான். நமது மணல் நிலத்தில், கோடையில் காய்ந்த மணலில் அடித்த எர்த் கம்பியை அளந்து பார்க்காமல் நம்ப முடியாது, அளப்பது என் வேலை அல்ல, தகுதியுள்ள மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். நேரே வீட்டில் விழுகிற இடிக்கு ஃபைபரும் பதில் இல்லை, கரண்ட் லைன் வழியாகவும் வரும். கூரை ஓரத்துக் கேமராக்களின் செம்பு எப்படியும் வெளியே நிற்கிறது. ஆகவே இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றுகிற அம்மாவின் பழக்கத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

டியூஷன் பிள்ளைகளின் போன்களை வீட்டுக் கேமராவும் கணினியும் உள்ள அதே வலையமைப்பில் விட வேண்டாம். ஒழுங்கான முறை, நிர்வகிக்கக்கூடிய சுவிட்சில் விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி வலையமைப்பு) பிரிப்பது. ஆனால் அதற்கு ரூட்டரும் ஒத்துழைக்க வேண்டும், இணைய நிறுவனம் தருகிற ரூட்டர் பலவற்றில் அந்த வசதி இருக்காது, அல்லது பூட்டியிருக்கும். வாங்கும் முன் உங்கள் ரூட்டரைத் திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் கட்டடத்து வைஃபைப் பெட்டியில் விருந்தினர் வைஃபை போட்டு, உள்ளக முகவரிகளைத் தடுக்கும் தெரிவு இருக்கிறதா என்று பார்த்து அதைப் போடுங்கள். முழுப் பாதுகாப்பு அல்ல, ஒன்றுமில்லாததைவிட மேல்.

பழைய ரூட்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் அதையே டியூஷன் பக்கம் வைஃபைக்கு வைக்கலாம். அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி பங்கிடுகிற வேலையை) நிறுத்துங்கள், முகவரியை மாற்றுங்கள், உதாரணமாகப் பெரிய ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2, வரும் கேபிளை வான் துளையில் (இணையம் வருகிற துளை) அல்ல, லான் துளையில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) குத்துங்கள். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டு பேர் முகவரி பங்கிடுவார்கள், சில போனுக்கு இணையம் வரும், சிலதுக்கு வராது, நாளுக்கு நாள் ஆள் மாறும். அந்தக் குழப்பத்தை வைத்தே நோயைக் கண்டுபிடித்துவிடலாம். அதேபோல், ஸ்பீட் கூடும் என்று இரண்டு சுவிட்ச்களுக்கு இடையில் இரண்டு கேபிள் போடாதீர்கள். சாதாரணச் சுவிட்சுக்கு வட்டத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாது, ஒரு பொதி சுற்றிச் சுற்றிப் பெருகி விநாடிகளில் வீடு முழுக்க நின்றுவிடும், எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடக்கும். சின்னப் பிள்ளைகள் கீழே கிடக்கிற கேபிளின் இரண்டு நுனியையும் சுவரில் அழகாகக் குத்தி வைத்தாலும் இதே கதைதான்.

வைஃபைக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று கேபிளோடு வையுங்கள், கொங்கிறீட் பிளேட் 5 கிகாஹேர்ட்ஸ் அலையை அதிகம் தின்றுவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், வேறு வேறு சானல்.

கடைசியாக, வேலை செய்தவருக்கு முழுக் காசும் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது. எல்லா நுனியிலும் ஒரே நிற வரிசை, நம் பக்கம் வழக்கம் பி வரிசை: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். இரண்டு நுனியிலும் ஒரே இலக்கம் எழுதி ஒட்ட வேண்டும். எட்டு விளக்கு டெஸ்டர் கம்பி தொடர்பைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. அதனால் ஒரு லெப்டொப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுவர் சொக்கட்டிலும் குத்தி, இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 1000 வர வேண்டும். 100 காட்டினால் எங்கோ ஒரு கம்பி சரியாகக் குத்தப்படவில்லை: 100க்கு இரண்டு ஜோடி போதும், 1000க்கு நான்கு ஜோடியும் வேண்டும், அதனால்தான் ஒரு கம்பி விட்டாலும் இணையம் வருகிறது, வேகம் மட்டும் வருவதில்லை. பெரும்பாலும் சொக்கட்டைக் கழற்றி மறுபடி குத்தினால் சரியாகிவிடும். வேலை செய்தவர் வீட்டில் நிற்கும்போதே அதைச் செய்விக்க வேண்டும். பூச்சுக்கு முன் ஒருதரம், பெயின்ட் அடித்தபிறகு ஒருதரம், இரண்டு முறையும் பாருங்கள். வீட்டின் வரைபடத்தைப் படம் எடுத்துப் போட்டால் எந்த அறைக்கு எத்தனை பைப் என்று குறித்துத் தருகிறேன்.